பெரும்புள்ளி யசோதா

கொளத்துமேட்டில் முதன்முதலாகப் புள்ளியைப் பறிகொடுத்தது பால் பூத்தின் பலகைதான். ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், யசோதா தன் மகள் மிதுனாவுக்குப் பள்ளிக்கூடச் செருப்பும் வீட்டுக்கு ஒரு மிக்ஸி ஜாரும் எண்ணூறு ரூபாய்க்கு வாங்கி, பாங்கிலிருந்து வந்த புதுக் கிரெடிட் கார்டை முதல் தடவையாகத் தேய்த்துவிட்டு வீடு வந்து சேர்வதற்குள், அந்தப் பலகையில் பால், தயிர், மோர், நெய், பன்னீர், வெண்ணெய் என்று வரிசையாக நின்றவை பால, தயிர, மோர, நெய, பனனீர, வெணணெய என்று ஆகிவிட்டன. பூத்துக்காரர் பலகையை ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தார். பிறகு, பெயிண்ட் மட்டமான பெயிண்ட் என்று யாரையோ திட்டிவிட்டு அடுத்த ஆளுக்குப் பால் பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தார்.

அதே நேரத்தில் யசோதாவின் அடுக்களை மேடையில் கன்னங்கரேலென்று எட்டு மணிகள் கிடந்தன. கடுகு சிந்திவிட்டது என்று நினைத்து அவள் அவற்றைக் கூட்டியெடுத்து எண்ணெயில் போட, எண்ணெய் காய்ந்து புகைந்து வீடெல்லாம் கமறியும், எட்டில் ஒன்றுகூட வெடிக்கவில்லை. கரண்டியால் அரித்தெடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது போனில் பாங்கின் செய்தி வந்தது: உஙகள கணககில 8 புளளிகள சேரநதன. ஏழாம் வகுப்பு படிக்கும் மிதுனா போனையும் அம்மாவின் கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பாங்கு சொன்ன புள்ளி இதுதான் என்றாள். யசோதா காலியான ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கழுவித் துடைத்து அவற்றை அதில் போட்டு மூடினாள். கடுகு தாளிக்காத ரசத்தை அன்றைக்கு இருவரும் குறை சொல்லாமல் குடித்தார்கள்.

யசோதாவின் புருஷன் செங்கோடன் போர்வெல் வண்டியில் டிரில்லர். திருச்செங்கோட்டுப் பக்கத்து ரிக் வண்டிகள் போகாத மாநிலம் இல்லை என்பார்கள், அந்த வண்டிகளோடு போய் அவனும் இந்தியா முழுவதையும் பார்த்தவன்தான், ஆனால் பார்த்ததெல்லாம் மேல்மண்ணுக்குக் கீழே: ராஜஸ்தான் என்றால் எழுநூறு அடியில் மணல், சத்தீஸ்கர் என்றால் முந்நூறு அடியில் கரும்பாறை, தெலங்கானா என்றால் எத்தனை அடி போனாலும் வெறும் புகை. வருஷத்தில் பத்து மாதம் வெளியூர், மழைக்காலத்தில் மட்டும் வீடு, இந்த வருஷம் அதுவும் இல்லை. கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் மூன்று பேரும் சேர்ந்து போன இடங்களைக் கணக்குப் போட்டால் ஏழு கல்யாணம், நான்கு சாவு, ஒரு மொட்டை. வருகிற தை பிறந்ததும் கம்பெனி அவனைத் தான்சானியாவுக்கு அனுப்புவதாக இருந்தது, அதுவும் மூன்று வருஷத்துக்கு. திரும்பி வரும்போது மிதுனா பத்தாம் வகுப்பில் இருப்பாள், அப்பனைப் பார்த்தால் வாசலில் வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல் பார்ப்பாளோ என்று யசோதாவுக்கு உள்ளுக்குள் ஓர் உதறல் இருந்தது. அதற்கு முன்னால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, மூன்று பேரும் எங்கேயாவது போய் நான்கு நாள் சும்மா இருந்துவிட்டு வர வேண்டும் என்பது அவள் ஆசை. எங்கே போவது என்று போனில் கேட்டபோது செங்கோடன், "தோண்டாமத் தண்ணி கெடக்கற எடத்த ஒருக்காப் பாக்கோணும் யசோதா" என்றான்.

மிதுனா பள்ளிக்கூட வரைபடத்தை விரித்து வைத்துத் தேடி, தண்ணீர் தானாகவே வானத்திலிருந்து வெள்ளையாக இறங்கித் தரையில் கிடக்கும் ஊர் என்று மணாலியைக் கண்டுபிடித்தாள். மூன்று பேருக்கும் கோயமுத்தூரிலிருந்து விமானம், அங்கே தங்க ரூம், எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம் புள்ளி என்று கார்டோடு பாங்கு அனுப்பிய புத்தகத்தில் போட்டிருந்தது. மார்கழி எட்டாம் தேதி மாலை நான்கு மணியோடு அந்தச் சலுகை முடிகிறது என்பதும் அதே பக்கத்தின் அடியில் எறும்பு எழுத்தில் இருந்தது. நூறு ரூபாய்க்கு ஒரு புள்ளி. யசோதா துணிக்கடையில் பில் போடுகிறவள், அவள் வீட்டுச் செலவுக்குத் தேய்த்தால் மிதுனாவின் பேத்திதான் மணாலி போவாள்.

அப்போதுதான் எதிர்வீட்டு ருக்குமணி அக்கா, தான் வாங்கப்போகும் பிரிட்ஜை யசோதாவின் கார்டில் வாங்கிக்கொண்டு பணத்தைக் கையில் கொடுத்துவிடுவதாகச் சொன்னாள். அன்றைக்கே பணம் வந்தது, அன்றைக்கே பாங்குக்குப் போயிற்று, புள்ளி மட்டும் யசோதாவிடம் தங்கியது. பிரிட்ஜுக்கான புள்ளிகள் ரேஷன் கடைப் பலகையிலிருந்தும் பஸ் ஸ்டாப்பின் நேரப் பட்டியலிலிருந்தும் வந்து சேர்ந்தன, சில நீலம், சில மஞ்சள். பிறகு பால்காரர் வீட்டுத் துணிமணி, மூலைவீட்டுப் பையனின் காலேஜ் பீஸ், கோயில் கும்பாபிஷேகத்துக்கு ஒலிபெருக்கி என்று தெருவே அவள் கார்டைத் தேய்க்க வரிசை கட்டியது. சிறுதுளி பெருவெள்ளம் என்பது சும்மா சொன்னதில்லை. ஊறுகாய் பாட்டில் நிறைந்து, மிட்டாய் பாட்டில் நிறைந்து, ஆவணி முடிவதற்குள் அரிசி டின்னுக்கு வந்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது, யசோதாவுக்குப் பெரும்புள்ளி என்று பட்டம் கட்டிவிட்டார்கள், அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

புள்ளி போன ஊர் என்ன ஆயிற்று என்று கேட்டால், ஒன்றும் ஆகவில்லை, கொஞ்சம் வேடிக்கையாயிற்று. பஸ்ஸில் சேலம் என்பது சேலம என்று வர, ஈரோட்டுக்காரர்கள் மட்டும் தங்கள் ஊர்ப் பெயரில் எடுக்க எதுவுமில்லை என்று மீசையை முறுக்கினார்கள். கடைவீதியில் பல் டாக்டர் என்ற பலகை பல டாகடர என்று ஆனதும், ஒரே கட்டடத்தில் பல டாக்டர்கள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துச் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து முட்டிவலிக்காரர்களும் சர்க்கரைக்காரர்களும் வந்து குவிந்தார்கள். அந்த டாக்டரம்மாவும் வந்தவர்களைத் திருப்பியனுப்ப மனமில்லாமல் எல்லோருக்கும் பல்லைப் பார்த்து அனுப்பினாள், அந்த வருஷம் கொளத்துமேட்டு வட்டாரத்தில் சொத்தைப்பல் வெகுவாகக் குறைந்தது. கல்யாணப் பத்திரிகைகள் அச்சாகி வந்து இறங்கும்போது முழுசாக இருக்கும், வெற்றிலையோடு தட்டில் வைப்பதற்குள் வெறும் மொட்டையாகிவிடும், இருந்தாலும் யாரும் முகூர்த்தத்தைத் தவறவிடவில்லை. பெயரில் புள்ளி இல்லாத பெண்களுக்கு ராசி அதிகம் என்றுகூட யாரோ கிளப்பிவிட்டார்கள். யசோதா, மிதுனா இரண்டிலும் புள்ளி கிடையாது. இத்தனை வருஷமாக இந்த ராசியை எங்கே ஒளித்துவைத்திருந்தோம் என்று யசோதா தன்னையே கேலி செய்துகொண்டாள்.

எல்லாரும் சிரித்தாலும் குப்புராஜுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. குப்புராஜ் எலெக்ட்ரிக்கல்ஸ் என்று சிவப்பு எழுத்தில் ஆளுயரத்துக்கு எழுதிப் போட்டிருந்த பலகை, புரட்டாசி முதல் வாரத்தில் ஒரு வாஷிங் மெஷினுக்குத் தேய்த்த தேய்ப்பில் குபபுராஜ எலெகடரிககலஸ என்று ஆகிவிட, பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதை உள்ளது உள்ளபடி ராகம் போட்டுப் படித்துக்கொண்டு கடை வாசலில் நடந்தார்கள். அவர் நேரே பிள்ளையார் கோயில் மேடைக்கு யசோதாவை வரச்சொல்லி, தெருவையும் கூட்டிவிட்டார்.

"ஏனம்மிணி, நீ ஊர் சுத்தறதுக்கு எம்பட பேரைத்தான் மொட்டையடிக்கோணுமா?" என்றார்.

வேண்டுமென்று எடுக்கவில்லை என்று யசோதா சொல்லலாம், அது உண்மைதான். ஆனால் எடுத்ததை டின்னில் போட்டு மூடி, ராத்திரி படுக்குமுன் குலுக்கிப் பார்த்துச் சந்தோஷப்பட்டதும் உண்மைதான். அரிசி டின்னைத் தூக்கிவந்து மேடையில் வைத்து, யார் யாருடையது எது என்று தெரிந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், நாங்கள் போகவில்லை என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

பள்ளிக்கூடத்துத் தெய்வானை டீச்சர் எழுந்து, அந்தக் காலத்து ஓலைச்சுவடிகளில் எழுதியவர்கள் மெய்யெழுத்துக்குப் புள்ளியே வைத்ததில்லை, வைத்தால் ஓலை கிழியும், படிக்கிறவர்கள்தான் மனதில் வைத்துப் படித்துக்கொண்டார்கள், அதனால் யாரும் செத்துப்போகவில்லை என்று சொன்னார். ருக்குமணி அக்கா வேறு விதமாகப் பேசினாள். மூன்று வருஷத்துக்கு முந்தின கோடையில் தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தபோது, அதிசயமாக லீவு போட்டு வந்திருந்த செங்கோடன் கெஞ்சிக் கூத்தாடி ஒரு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, கோயில் பின்புறம் போர் போட்டு, எண்ணூற்றுப் பத்தாவது அடியில் தண்ணீர் காட்டியதை நினைவுபடுத்தினாள். அந்தத் தண்ணீரில்தான் குப்புராஜ் இன்று காலையும் குளித்திருப்பார் என்று சேர்த்துக்கொண்டாள். குப்புராஜ் டின்னுக்குள் எட்டிப் பார்த்தார். தன் சிவப்புப் புள்ளிகள் ஏழும் அடையாளம் தெரிகிற மாதிரி மேலேயே கிடந்தன. இரண்டு விரலால் ஒன்றை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி டின்னிலேயே போட்டார்.

"போயிட்டு வரட்டும் உடுங்க. புள்ளியில்லாட்டி எம்பட கட தெரியாமயா போயிரும்," என்றார். வீட்டுக்குப் போகிற வழியில், தீபாவளிக்குக் கார்டில் எது வாங்கினாலும் தன் கடையிலேயே வாங்கும்படி யசோதாவிடம் இரண்டு தடவை சொல்லிக்கொண்டார். வியாபாரி வியாபாரிதான்.

தீபாவளிக்குப் பாங்கு இரட்டைப் புள்ளி அறிவித்தது. ஒரு வாரம் முழுக்கப் புள்ளிகள் கூட்டங்கூட்டமாக வந்து ஜன்னல் கம்பியில் மோதின. பஸ்ஸில் வந்திறங்கும் பேப்பர்கள் டீ ஆறுவதற்குள் வெறுமையாயின, வாய்ப்பாட்டுப் புத்தகம் முதல் வாக்காளர் பட்டியல் வரைக்கும் எதுவும் தப்பவில்லை. ஊர் எல்லைக் கல்லுக்கு வெளியே இருந்த ஒரு புள்ளியும் கழன்று வந்ததில்லை, எல்லைக்கு உள்ளே ஒரு புள்ளியும் மிஞ்சவில்லை. போனில் வருகிற செய்திகளில்கூட அவை நிற்பதில்லை, செங்கோடன் வருகிறேன் என்று அனுப்பினால் வருகிறேன என்றுதான் வரும்.

அவன் மார்கழி எட்டாம் தேதி காலையில்தான் சத்தீஸ்கரிலிருந்து வந்து இறங்கினான். குளித்துச் சாப்பிட்டு, மூன்று பேருமாக டின்னைத் துணியில் கட்டிக்கொண்டு கடைவீதிப் பாங்குக்குப் போனார்கள். கவுண்டரில் இருந்த பெண் டின்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை, புள்ளியை நேரில் கொண்டுவந்தால் தனிப் படிவம் என்று மட்டும் சொல்லி, ஒரு தாம்பாளத்தில் கொட்டி எண்ண ஆரம்பித்தாள். நூறு நூறாகக் கும்பல் வைத்தாள். காவலாளி கொஞ்சம் எண்ணிக் கொடுத்தார், பென்ஷன் வாங்க வந்த பெரியவர் ஒருவரும் கொஞ்சம் எண்ணிக் கொடுத்தார். மூன்றரை மணிக்கு எண்ணிக்கை முடிந்தது.

"ஒண்ணு குறையுதுங்க," என்றாள் அந்தப் பெண்.

டின்னைக் கவிழ்த்துத் தட்டினார்கள், துணியை உதறினார்கள். எண்ணெயில் போட்ட எட்டில் ஒன்று கரண்டியோடு கழுவுதொட்டியில் போயிருக்குமோ என்று யசோதா நினைத்தாள். எழுந்து ஓடிப் பக்கத்துக் கடையில் நூறு ரூபாய்க்கு நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிக் கார்டைத் தேய்த்துவிட்டு ஓடிவந்தாள். புள்ளி வரவில்லை. ஊரில் இருந்தால்தானே வரும். கடிகாரத்தில் நான்குக்குப் பத்து நிமிஷம் இருந்தது.

அப்போது செங்கோடனின் சட்டைப் பையில் ஏதோ படபடத்தது. அவன் சட்டென்று கையால் பையைப் பொத்திக்கொண்டான்.

மிதுனா அந்தக் கையையே பார்த்தாள். அவன் வெகு நாளைக்கு முன்பே அகப்பட்டுக்கொண்டவன் போல, மெதுவாகப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தான். ரிக்கில் தெறிக்கும் சேற்றுக்கும் தண்ணீருக்கும் பயந்து பிளாஸ்டிக் கவரில் சுற்றி ரப்பர் பேண்டு போட்டிருந்த நோட்டு அது. எந்த ஊரில் எத்தனை அடியில் மண், எத்தனை அடியில் பாறை, எத்தனை அடியில் தண்ணீர் என்று பக்கம் பக்கமாக வெறும் எண்கள், எண்ணுக்குப் புள்ளி ஏது. கடைசிப் பக்கத்தில் மட்டும் எழுத்தில் ஒரு வரி இருந்தது. மிதுனா மணாலி என்று போனில் சொன்ன அன்றைக்கு, டீசல் நெடி அடிக்கிற வண்டியடியில் உட்கார்ந்து அவன் எழுதிவைத்துக்கொண்ட வரி: நாம் போகலாமா. அந்த ஒரு புள்ளிதான் கவருக்குள்ளே வெளியேற வழி தெரியாமல் முட்டிக்கொண்டிருந்தது.

"இதத்தான் அங்க கொண்டுபோலாம்னு இருந்தேன்," என்றான் செங்கோடன். "மூணு வருசத்துக்கு எனக்கு இது ஒண்ணுதான். இதையும் மூளியாக்கோணுமா?"

பிய்த்துக் கொடு என்று சொல்ல யசோதாவுக்கு வாய் வரவில்லை, வேண்டாம் போகலாம் வா என்று சொல்லவும் மனம் வரவில்லை. தாம்பாளத்தில் தொண்ணூறு கும்பல்களும், அதில் ஒரு கும்பல் ஒன்று குறைந்தும், உட்கார்ந்திருந்தன. கவுண்டர் பெண் கடிகாரத்தைப் பார்க்காத மாதிரி பார்த்தாள்.

மிதுனா நோட்டை வாங்கி அந்த வரியை ஒரு தரம் மனதுக்குள் படித்தாள், இன்னொரு தரம் வாய்விட்டுப் படித்தாள்.

"அப்பா, நீங்க பேசறப்ப நாம்-னா சொல்றீங்க? நாம-ன்னுதான சொல்றீங்க. புள்ளி எடுத்தாலும் அது நாமதானுங்கப்பா."

செங்கோடன் உதட்டை அசைத்துச் சொல்லிப் பார்த்தான். நாம போகலாமா. யசோதாவும் சொல்லிப் பார்த்தாள். பதினாலு வருஷமாக அந்த வீட்டில் அந்தச் சொல்லை ஒருவரும் புள்ளியோடு சொன்னதில்லை. சோறு திங்கலாமா நாம, தூங்கலாமா நாம, நாம என்ன பண்ணப்போறோம், எல்லாம் புள்ளி இல்லாத நாமதான். உலகத்தில் எடுக்க எடுக்க எல்லாம் குறையும்போது இந்த ஒரு சொல் மட்டும் குறையாமல் இருந்ததே என்று யசோதாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. செங்கோடன் நோட்டைக் கவரிலிருந்து உருவினான். புள்ளி தானாகவே எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, தாம்பாளத்தில் குறைந்த கும்பலில் போய் உட்கார்ந்தது. கவுண்டர் பெண் முத்திரை குத்தியபோது மணி மூன்று ஐம்பத்தெட்டு.

மணாலியில் அவர்கள் நான்கு நாள் இருந்தார்கள். அங்கே நடந்ததைச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை, அதுதான் அதன் சுகம். முதல் நாள் காலையில் வெளியே வந்து நின்ற செங்கோடன், கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர் வெள்ளை வெளேரென்று கேட்பாரில்லாமல் கிடப்பதைப் பார்த்துவிட்டு, பழக்க தோஷத்தில் குதிகாலால் தரையைத் தட்டி இது எத்தனை அடி இருக்கும் என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திவிட்டான். அன்று முழுக்க அவன் எதையும் அளக்கவில்லை. மிதுனா அவன் சட்டைக்குள் பனியைப் போட்டுவிட்டு ஓடினாள், அவன் துரத்தினான், யசோதா இரண்டு கம்பளிச் சட்டைக்குமேல் சேலை கட்டிக்கொண்டு நின்று, அவர்கள் இருவரும் விழுந்து எழுவதை ஒருவரும் கூப்பிடாமல், ஒரு வேலையும் இல்லாமல், பார்த்துக்கொண்டே இருந்தாள். அவ்வளவு சந்தோஷத்தை அவள் அதற்கு முன்னால் சும்மா நின்று அனுபவித்ததில்லை.

திரும்பி வந்து ஊர் எல்லைக் கல்லில் பஸ் திரும்பியபோது யசோதாவுக்கு மனதில் கொஞ்சம் குறுகுறுப்பு இருந்தது, மொட்டை ஊருக்குள் எந்த முகத்தோடு இறங்குவது என்று. இறங்கினாள். எல்லைக் கல்லில் கொளத்துமேடு என்று எழுதியிருந்ததில் ‘த’ என்ற எழுத்தின்மேல் அரக்குச் சிவப்பில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. பால் பூத்தில் எட்டுப் பொட்டு. ரேஷன் கடையில் பச்சைப் பொட்டு, கல் வைத்த பொட்டு, நெளிவுப் பொட்டுகூட. ருக்குமணி அக்கா ஆரம்பித்துவைத்து, ஒவ்வொரு வீட்டுப் பெண்களும் கண்ணாடியில் ஒட்டிவைத்திருந்ததையெல்லாம் கொண்டுவந்து, நான்கே நாளில் ஊர் முழுக்க மெய்யெழுத்துக்குப் பொட்டு வைத்து முடித்திருந்தார்கள். குப்புராஜ் தன் பலகையில் சம்சாரத்தின் பெரிய சைஸ் பொட்டுகளில் ஏழு எடுத்து அவரே ஏணி போட்டு ஏறி ஒட்டிவிட்டு, முந்தின எழுத்தைவிட இதுதான் லட்சணமாக இருக்கிறது என்று வருவோர் போவோரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பல் டாக்டரம்மா மட்டும் தன் பலகையைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

தை ஐந்தாம் தேதி செங்கோடன் தான்சானியாவுக்குப் போனான். நோட்டைக் கவரில்லாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான், இனி அதில் தப்பிப்போக எதுவுமில்லை. யசோதா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், மிதுனா பள்ளிக்கூடம் போன பிறகு, போனில் ஒரு செய்தி வந்தது. புள்ளிகள் எல்லாம் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாலும், அந்தப் போன் மட்டும் பழைய வழக்கத்தை விடவில்லை. மொட்டையாக ஒரே ஒரு சொல் இருந்தது: வருவேன.

யசோதா எழுந்துபோய், பீரோக் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டிவைத்திருந்த பொட்டுகளில் நல்ல கறுப்பாக, சின்னதாக ஒன்றை நகத்தால் எடுத்து, போன் திரையில் கடைசி எழுத்தின் தலைமேல் வைத்து, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள்.